கொசுறாகப் போன வெள்ளாமை

காய்கறியோடு கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறு கொடுக்கிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருஷத்து வெள்ளாமையையே கொசுறாகக் கொடுத்தவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். ராமநாதபுரம் உழவர் சந்தையில், காலை ஏழரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில், சிரித்த முகத்தோடு அந்தக் காரியத்தைச் செய்து முடித்தேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் என்னை வாழ்த்தவும் செய்தார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். மதுரையில், தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிற ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ். (வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிற வேலைக்கு விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.) மனைவி கலாவுக்குச் சத்திரக்குடிக்குத் தெற்கே உள்ளடங்கிய ஒரு ஊர். மாமனார் சம்சாரி. மழையை நம்பிக் குண்டு மிளகாய், கிணற்றை நம்பிக் கத்தரி, வெண்டை, அவரை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காய்களைச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பார்.

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளையை முதல் வருஷம் மனிதனாகவே நடத்துவதில்லை. கண்ணாடிச் சாமான் மாதிரிதான் கையாளுவார்கள். மாமனார் என்னோடு நேராகப் பேசியே நான் பார்த்ததில்லை. நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் அடுப்படியைப் பார்த்து, "கலா, மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார். கலா அங்கிருந்து என்னைக் கேட்பாள். நான் வேண்டாம் என்பேன். அவள் அவருக்குச் சொல்வாள். அதற்குள் அத்தை மூன்று தோசையைத் தட்டில் வைத்திருப்பார்.

இதெல்லாம் பெருமையாக இருக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு என்னை யாரும் உரிமையாகத் திட்டியதில்லை. மேனேஜர் திட்டுவார், அது சம்பளத்தில் சேர்ந்தது. கல்யாணம் பேசும்போதே, பெண்ணைவிடக் கொஞ்சம் அதிகமாக நான் அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். (இதைக் கலாவிடம் ஒருமுறை சொல்லி, இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்தேன்.) அவர் என்னைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்க வேண்டும், அதற்கு நான் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

புரட்டாசியில் ஆயுத பூஜை லீவுக்குப் போயிருந்தபோது, மறுநாள் நானும் சந்தைக்கு வருகிறேன் என்றேன். வீடே திகைத்துப்போனது. மாமனார் முற்றத்துக் கோழியைப் பார்த்து, "மாப்பிள்ளை எதுக்கு அங்கனயெல்லாம் வந்து கஷ்டப்பட்டுக்கிட்டு" என்றார். கோழி பதில் சொல்லவில்லை. நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. அவர் நாலரை மணிக்கே மொபெட்டில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போவார். நான் காப்பி குடித்து, குளித்து, பொறுமையாக ஆறு மணி பஸ்ஸில் வருவேன், வெறுங்கையோடு.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. மீனில்லாமல் சோறு இறங்காத ஊரே கவிச்சியை ஒதுக்கிவைத்துவிட்டுக் காய்கறிப் பக்கம் திரும்புகிற நாள். கேணிக்கரையிலிருந்தும் வண்டிக்காரத் தெருவிலிருந்தும் வயர்கூடையோடு வந்தவர்கள் வாசலில் விலைப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள் எல்லாரும் சிமெண்டு மேடையில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து டீக்கடையிலிருந்து மாமனார் வாங்கிவந்து, துண்டால் துடைத்து, அதன்மேல் அந்தத் துண்டையே மடித்துப் போட்டிருந்தார். மொத்தச் சந்தையிலும் தலை உயர்ந்து தெரிந்தது நான் ஒருவன்தான். பத்து நிமிஷத்துக்குள் ஒருவர் என்னை அதிகாரி என்று நினைத்து, மூன்றாவது கடைத் தராசு சரியில்லை என்று புகார் சொன்னார். இன்னொருவர் ஒரு விண்ணப்பத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

பக்கத்துக் கடை பாக்கியம் அக்காவுக்கு. கீரை விற்கிறவர். மாமனாரை அண்ணே என்பார், அந்த உறவில் என்னை மாப்பிள்ளை என்று அழைத்து, அந்த மரியாதையோடேயே காலையும் வாரிவிடுவார். "என்ன மாப்பிள்ளை, அங்கன ஒசரத்துல காத்து நல்லா வருதா?" என்றார் வந்ததுமே.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்று மாமனார் காய்களோடு ஒரு பெரிய மஞ்சள் துணிப்பையும் கொண்டுவந்திருந்தார். அதில் குண்டு மிளகாய் வற்றல். உருண்டையாக, சுருக்கமில்லாமல், கறுஞ்சிவப்பில் ஒரே அளவாக. கூட்டம் குறைகிற நேரத்தில் சம்சாரிகள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் அவரை உரிப்பார், ஒருவர் கயிறு திரிப்பார். மாமனார் விதைப்புக் காலத்தில் வற்றலை உடைத்து விதை எடுப்பார். அன்றும் அதற்காகத்தான் கொண்டுவந்தது. வேலை முடிந்தால், மறுநாள் விதைத்துவிடலாம்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவர் முதல் வற்றலை உடைத்தார். நான் தும்மினேன். இரண்டாவதுக்கும் தும்மினேன். அவர் பதறிப்போய்ப் பையைச் சுருட்டிச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டார். "அது என்ன மாமா?" என்று கேட்டேன். அவர் தராசைப் பார்த்து, "அது கெடக்கட்டும் மாப்பிள்ளை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தொடாதே என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து ஒன்றைத் தொடாதே என்று சொல்கிற பழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது.

ஏழரை மணிக்குச் சந்தை அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். விவசாயி அட்டையைப் புதுப்பிக்கப் போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசை நீளம். அவர் என்னை ஒரு பார்வை, பாக்கியம் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பாக்கியம் அக்காவைச் சுற்றி அப்போது முருங்கைக்கீரைக்கு ஒரு கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது.

என் நேரம் வந்துவிட்டது என்று நாற்காலியை விட்டு இறங்கினேன். தண்ணீர் மிஷின் விற்கிறவனுக்குக் கத்தரிக்காய் எம்மாத்திரம். "வாங்கம்மா, பறிச்சு மூணு மணி நேரந்தான் ஆகுது" என்று குரல் கொடுத்தேன். நிறுத்தேன், போட்டேன், சில்லறை கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கறிவேப்பிலை தீருகிற வரைக்கும்.

கறிவேப்பிலை தீர்ந்ததும் நிலைமை மாறிவிட்டது. ஒரு அம்மா அரைக் கிலோ வெண்டைக்காயைக் கூடையில் போட்டுக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றார். கொசுறு என்றார். இல்லை என்றேன். வெண்டைக்காயைத் திரும்ப மேடையில் கொட்டிவிட்டுப் போனார். பின்னால் நின்றவரும் அவரோடு கிளம்பினார். மாமனார் வருவதற்குள் வியாபாரம் படுத்துவிடுமே என்று எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் காலில் அந்தப் பை தட்டுப்பட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளர் எதிர்பார்க்காததை இலவசமாகக் கொடு. அவர் உன்னை மறக்க மாட்டார். (இன்றுவரை யாரும் என்னை மறக்கவில்லை.) ஒரு கை வற்றலை அள்ளி அடுத்த அம்மாவின் கூடையில் போட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஐந்தே நிமிஷத்தில் சேதி பரவிவிட்டது. கால் கிலோ அவரைக்கு ஒரு கைப்பிடி குண்டு மிளகாய். ஒரு டீச்சரம்மா ஒற்றைக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு இரண்டு கைப்பிடி கேட்டார். கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குக் காய்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. நான் சாக்கைத் தட்டி மடித்து, மஞ்சள் பையையும் நாலாக மடித்து அதன்மேல் வைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

மாமனார் வந்தார். காலி மேடையைப் பார்த்தார். பிறகு மடித்த பையைப் பார்த்தார்.

"வத்தலு..." என்றார்.

"எல்லாருக்கும் கொசுறா குடுத்துட்டேன் மாமா. அதான் இம்புட்டு வேகமா வித்துச்சு."

அவர் மேடையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். தன் கால் பெருவிரலைப் பார்த்து, "நல்லது மாப்பிள்ளை" என்றார்.

அந்த நல்லதைக் கேட்டுத்தான் பாக்கியம் அக்கா திரும்பிப் பார்த்தார். பையைப் பார்த்தார். கையிலிருந்த கீரைக்கட்டு நழுவிவிட்டது.

"அது வெதை வத்தலுல்ல மாப்பிள்ளை. கலா ஆத்தா செடி செடியாப் பாத்துப் பொறுக்கி வச்சது. வீட்டுப் பானையில இருந்ததை ஆவணியில எலி தின்னுருச்சு. இது ஒண்ணுதான மிச்சம்."

அந்த விதை அந்தக் குடும்பத்தில் வருஷா வருஷம் கைமாறி வந்தது. கடையில் கிடைக்கிற விதை அந்த மண்ணில் பாதிதான் முளைக்கும் என்று கலா அடிக்கடி சொல்லியிருக்கிறாள். பையை உதறினேன். தையல் மடிப்பில் சிக்கியிருந்த ஏழு வற்றல் விழுந்தன. ஏழையும் பொறுக்கி மாமனாரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை மூடிக்கொண்டார். அவர் என்னை அப்போது ஓங்கி ஒன்று வைத்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

காரியத்தைக் கையில் எடுத்தவர் பாக்கியம் அக்காதான். யார் எந்தக் கீரை வாங்குகிறார்கள், எந்த நோய்க்கு வாங்குகிறார்கள், எந்தத் தெருவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். நான் ஆட்களின் அடையாளம் சொல்லச் சொல்ல அவர் விலாசம் சொன்னார். பச்சைச் சேலை, மூக்குக் கண்ணாடி என்றால், அது சர்க்கரைக்கு வெந்தயக்கீரை வாங்குகிறவரின் சம்சாரம், கேணிக்கரை, நீல கேட். நான் என் விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் கார்டுகள் அவ்வளவு உபயோகப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மொபெட்டில் மாமனார் முன்னால், நான் பின்னால், மடியில் மஞ்சள் பை. கதவைத் தட்டுவது என் தொழில். ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பயிற்சியை எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை.

முதல் வீட்டில் தெருவிலேயே தும்மல் வந்துவிட்டது. உள்ளே தாளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வீட்டு அம்மா, "எவனும் சும்மா குடுக்க மாட்டானேன்னு அப்பவே நெனைச்சேன்" என்று வற்றலைக் கொடுத்துவிட்டு, சொத்தைக் கத்தரிக்காய் இரண்டையும் சேர்த்து என் கையில் திணித்தார். மூன்றாவது வீட்டில், வற்றல் பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று பேரனுக்குச் சுற்றிப்போட்டு அடுப்பில் எறிந்துவிட்டார்கள். "ஒரு நெடியும் வரல. அவ்வளவு கண்ணு பட்டிருக்கு" என்றார்கள். நெடி வந்திருக்க வேண்டும். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வண்டிக்காரத் தெருவில் ஒரு பீபியம்மா, ஐயோ விதையா என்று பதறி, தன் டப்பாவிலிருந்த வற்றல் மொத்தத்தையும் எங்கள் பையில் கொட்டப் பார்த்தார். மாமனார் நாசூக்காகத் தடுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். குண்டு மிளகாய் நன்றாகக் காய்ந்தால் உள்ளே விதை கிலுகிலுக்கும். எல்லா மிளகாயும் கிலுகிலுக்கும். அவருடையது எது என்று அவருக்கு மட்டும் கேட்கும். ஒன்பதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். பீபியம்மா எங்களுக்கு ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பினார்.

இப்படி இருபது வீடாவது ஏறி இறங்கியிருப்போம். கடைசி வீடு அந்த டீச்சரம்மாவுடையது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே நாலு பழைய பெயிண்ட் வாளிகளில் கறுப்பு மண், அப்போதுதான் தண்ணீர் தெளித்த ஈரம். நாங்கள் வருவதற்குள் அத்தனையையும் உடைத்து ஊன்றிவிட்டிருந்தார். நான் தோண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"மண்ணுக்குள்ள போனதைத் தோண்டித் தர மாட்டேன் தம்பி" என்றார். மாமனார் உடனே ஒத்துக்கொண்டார். வாளியில் விரல் விட்டுப் பார்த்து, மண் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, மணல் சேருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பை நிறைந்தது. வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அத்தை பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக வந்த கோழியிடம், "எதுல வாய வைக்கணும், எதுல வைக்கக் கூடாதுன்னு அறிவு வேணாம்?" என்றார். கோழி ஒன்றிலும் வாயை வைத்திருக்கவில்லை. மாமனார் மொபெட்டின் டயரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எனக்கு மூன்று தோசை, நெய் ஊற்றி. கலா மட்டும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் கிழித்தெடுத்தாள். அவள்தானே என் சொந்தம். ஆனால் நான் திட்டு வாங்க ஆசைப்பட்டது அவளிடமல்ல.

மறுநாள் கையில் இருந்ததைக் கலந்து விதைத்தார்கள். நெருக்கமாக விழவில்லை. இருந்தாலும் முளைத்தது. அதற்குப் பிறகு கார்த்திகையில் ஒரு மழை. மழைக்கு ஏங்கியே பழகிய எங்கள் மாவட்டத்தில் ஒரு வாரம் விடாமல் கொட்டியது. புஞ்சையில் தண்ணீர் கட்டி, செடி மொத்தமும் வேரோடு அழுகிப்போனது. போனில் என்னிடம் மாமனார், "நல்ல மழை மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். மீதியைக் கலா சொன்னாள். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு மதுரையிலேயே இருந்துகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அன்று அந்த விதை முழுதாக இருந்து, விதைத்தது போக ஒரு கை மிஞ்சியிருந்தால்கூடப் போதுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மாசியில் கலா என்னை இழுத்துக்கொண்டு போனாள். சந்தைக்கும் போனேன். இந்த முறை நாற்காலி வேண்டாம் என்று சாக்கில் உட்கார்ந்தேன். மாமனாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு மணி வாக்கில் டீச்சரம்மா வந்தார். கையில் ஒரு பெரிய துணிப்பை.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க, நான் தரலை. இந்தாங்க, நாலு வாளியும் காய்ச்சது. நீங்க சொன்ன மாதிரி மணல் சேர்த்தேன், மழைத்தண்ணி நிக்கலை" என்றார்.

மாமனார் பைக்குள் கையை விட்டு ஒரு வற்றலை எடுத்தார். காதருகே வைத்து ஆட்டினார். இன்னொன்றை எடுத்து ஆட்டினார். பிறகு, என்ன நினைத்தாரோ, அதை என் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் கேட்டது என்று தலையாட்டினேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்த நேரம் பார்த்து, வெண்டைக்காய் வாங்கிய ஒரு அம்மா கொசுறு என்று கையை நீட்டினார். கறிவேப்பிலை தீர்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யவில்லை. என் கை தானாக அந்தப் பைக்குள் போய்விட்டது.

பளீரென்று புறங்கையில் ஒரு அடி.

"ஏலே, கைய எடு."

சுற்றியிருந்த நாலு கடைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் தன் கையையே பார்த்தபடி உறைந்துபோனார். மாப்பிள்ளையை ஏலே என்றதோடு அடித்தும் விட்டார். பாக்கியம் அக்காதான் முதலில் சிரித்தார். கீரைமேல் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா மாமா?" என்றேன். புறங்கை எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சந்தையிலும் இருந்ததில்லை.

என் முட்டாள்தனம்தான் அந்த விதையைக் காப்பாற்றியது என்று எல்லாச் சந்தர்ப்பத்திலும் நான் சொல்லிவருகிறேன். கலா ஒத்துக்கொள்வதில்லை, டீச்சரம்மா பேராசைப்பட்டு இரண்டு கைப்பிடி கேட்டதுதான் காப்பாற்றியது என்பாள். இப்போது புரட்டாசி வந்தால், விதைப்புக்கு முன்னால் ஒரு கைப்பிடி வற்றலை டீச்சரம்மா வீட்டில் சேர்ப்பது என் வேலை. மாமனார் எண்ணித்தான் கொடுப்பார். வழியில் யாரிடமும் பேசாதே என்றும் சொல்லி அனுப்புவார்.

போன வாரம் மதுரை வீட்டில், பழைய பேப்பர் கடைக்குப் போட வைத்திருந்த ஒரு கட்டைப்பையைத் தூக்கினேன். அடுத்த அறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. என் மகள். வயது நாலு. தாத்தாவின் குரலை அப்படியே பிடித்திருந்தாள்.

"ஏலே, கைய எடு."

எடுத்துவிட்டேன்.